கவரில் வந்த பெயின்ட் துண்டு

கேள்வி: எங்கள் ஹாலுக்கு நாங்களே பெயின்ட் அடித்தோம். கடையில் இருந்ததிலேயே உயர்ந்த ரகம், பட்டுப்போல் மின்னும் எமல்ஷன் (தண்ணீரில் கலக்கும் சுவர் பெயின்ட்). பழைய சுவரை ஒட்டடை அடித்துத் துடைத்துவிட்டு, ஓட்டைகளில் பட்டி வைத்து, இரண்டு கோட் கொடுத்தோம். பகலில் பார்த்தால் பரவாயில்லை. சாயங்காலம் சுவர் விளக்கைப் போட்டால் மேடு பள்ளம், ரோலர் கோடு, பட்டி வைத்த இடமெல்லாம் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. ஜன்னல் பக்கம் ஒரே மாதத்தில் தாள் தாளாக உரிகிறது. தரையை ஒட்டி ஒரு முழ உயரத்துக்குக் கொப்புளம். உரிந்த துண்டு ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த முறை எந்த பெயின்ட் வாங்கினால் தொழில்காரர் அடித்ததுபோல் வரும்? அரை டின் மீதம் இருக்கிறது, அதை என்ன செய்வது?

பதில்: கடிதத்தோடு அந்தத் துண்டையும் வைத்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். பாதி பதில் அதிலேயே இருந்தது.

முன்பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. நல்ல மினுமினுப்பு. வளைத்தால் ஒடியாமல் வளைகிறது. திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்க வெள்ளைத் தூள். கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்ததும் விரல் கரும்பலகை துடைத்த விரல் மாதிரி ஆகிவிட்டது. ஓரத்தில் வெளிர்நீலமாக ஒரு கீற்று, முன்பு அடித்திருந்த வண்ணமாக இருக்கும். ஆக, உங்கள் பெயின்ட் தனக்குக் கீழே இருந்ததைக் கெட்டியாகத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கீழே இருந்த அந்தப் பழைய டிஸ்டம்பர், அதாவது சுண்ணாம்புத் தூளைப் பசையில் குழைத்து அடிக்கும் மலிவான வண்ணப் பூச்சு, அதுதான் சுவரை விட்டுவிட்டது. எமல்ஷன் காயும்போது சற்றுச் சுருங்கி இழுக்கும். அந்த இழுப்பைத் தாங்க, தூளாகிப்போன டிஸ்டம்பருக்குத் தெம்பு கிடையாது. ஜன்னல் பக்கம் வெயிலும் சாரலும் மாறி மாறிப் படுவதால் அங்கே முதலில் உரிந்திருக்கிறது. மற்ற இடங்களிலும் இதே டிஸ்டம்பர்தான் இருக்குமென்றால் அவையும் வரிசையில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் 'எந்த பெயின்ட்' என்ற கேள்வியைச் சற்று ஒதுக்கி வைப்போம். அதற்கும் பதில் இருக்கிறது, பிறகு வருகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

ஒரு லிட்டர் எமல்ஷன், வழுவழுப்பான சுவரில் ஒரு கோட்டுக்குச் சுமார் 10 சதுர மீட்டர் வரும். அதாவது நூறு சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். அப்படியென்றால் ஈரமாக இருக்கும்போது அந்தப் படலத்தின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அதிலும் பாதிக்கு மேல் தண்ணீர். அது ஆவியாகிப் போனபின் சுவரில் நிற்பது 30, 40 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டு கோட்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம். டின் எவ்வளவு உயர்ந்த ரகமாக இருந்தாலும் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. ஒரு முடி கனத்துக்கு இருக்கும் படலத்தைக் கொண்டு பள்ளத்தை நிரப்பவோ, உதிரும் சுவரைக் கட்டிப்போடவோ முடியுமா? தொழில்காரர் ஒரு ஹாலை எடுத்தால் நான்கு நாளில் மூன்று நாள் சுரண்டுவதும் பட்டி பார்ப்பதும் உப்புத்தாள் போடுவதுமாகவே ஓடுவது இதனால்தான். ஆள் வேலை செய்யாமல் இழுத்தடிக்கிறார் என்று வீட்டுக்காரர்கள் முணுமுணுப்பது எங்கள் காதிலும் விழும்.

சரி, வேலைக்கு வருவோம். கொப்புளத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.

தரையை ஒட்டி ஒரு முழம் என்றால் அது ஓதம். சுவருக்குள் ஏறிய தண்ணீர் வெளியே வர வழி தேடுகிறது, வழியில் பெயின்ட் படலம் நிற்கிறது, அதைத் தள்ளிக்கொண்டு வருகிறது. கொப்புளத்தைக் குத்திப் பாருங்கள். உள்ளே பஞ்சுபோல் வெள்ளையாக உப்பு பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். கழுவினால் கரைந்து மறுபடி சிமென்ட் பூச்சுக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்ப வெளியே வரும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிக் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று தெரியாவிட்டால், ஓரடிச் சதுரத்தில் பிளாஸ்டிக் தாள் ஒன்றை நான்கு பக்கமும் டேப் ஒட்டிச் சுவரில் மூடி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். தாளுக்குப் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்தால் காற்றோட்டக் குறை. முதல் வகையானால் மூலத்தைத் தேடுங்கள். சுவருக்குள் கசியும் குழாய், வெளிப்பக்கம் சுவரோடு சேர்த்துக் குவித்த மண், மழைநீர் போக வழியில்லாமல் தேங்குவது ஆகியவற்றை முதலில் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் உள்பக்கம் 'ஈரம் தடுக்கும்' பெயின்ட் எதை அடித்தாலும், ஓதம் அந்த முழத்தைத் தாண்டி மேலே ஏறி வேறோர் இடத்தில் எட்டிப் பார்க்கும்.

பூச்சு உப்பியிருந்தால் அது கெட்டியான இடம் வரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசச் சொல்லுங்கள். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொக்கென்று ஒலிக்கும் இடமெல்லாம் போக வேண்டியதுதான். புதுச் சிமென்ட் பூச்சுக்குக் குறைந்தது 28 நாள் கொடுங்கள். காய்வதற்கு மட்டுமல்ல, அதன் காரம் தணிவதற்கும் சேர்த்துத்தான் அந்த நாட்கள். காரம் தணியாத பூச்சில் எண்ணெய் சேர்ந்த பெயின்டோ பிரைமரோ (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்) போட்டால், காரமும் எண்ணெயும் சேர்ந்து சோப்பாகிவிடும். ஆமாம், நிஜமாகவே சோப்பு. பிசுபிசுத்து, மிருதுவாகி, கையோடு வரும். அந்த ஒரு முழத்துக்கு மட்டும் காரம் தாங்கும், தண்ணீரில் கலக்கும் பிரைமர் வாங்குங்கள். 28 நாளும் மற்ற சுவர்களைப் போட்டுவைக்க வேண்டியதில்லை. அங்கே வேலை நடக்கட்டும், இந்த முழம் மட்டும் வெறுமனே காயட்டும்.

அடுத்தது உரிதல். உரியாத இடங்களும் சந்தேகத்துக்கு உரியவைதான். பிளேடால் கட்டம் கட்டமாக நாலைந்து கீறல் போட்டு, அதன்மேல் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். கட்டங்கள் டேப்போடு வந்தால் அந்தச் சுவரும் உரிந்தே தீரும், இன்றைக்கே சுரண்டிவிடுங்கள். வராத இடத்தை வம்புக்கு இழுக்க வேண்டாம், அது நிற்கட்டும். உரிந்த இடத்துக்கும் உரியாத இடத்துக்கும் நடுவே வரப்புபோல் ஓர் ஓரம் நிற்கும். அதை உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் எங்கே தட்டுகிறதோ அங்கே பெயின்ட் அடித்தபின் கண்ணும் தட்டும்.

சுரண்டியபின் வெளியே வரும் பழைய டிஸ்டம்பரை வெந்நீரும் ஸ்பாஞ்சும் கொண்டு கரைத்துத் துடைக்கலாம். பழைய வகை டிஸ்டம்பர் நன்றாகவே கரையும். கரையாத சுண்ணாம்பாக இருந்தால் சுரண்டியால் எடுக்கவேண்டியதுதான், குறுக்குவழி இல்லை. கடைசியாக உள்ளங்கையால் சுவரை அழுத்தித் தடவுங்கள். கை வெளுக்கிறவரை வேலை முடியவில்லை. எவ்வளவு துடைத்தும் இலேசாகத் தூள் வந்துகொண்டே இருந்தால், தின்னரில் கலக்கும் பிரைமரை ஒரு கோட் கொடுங்கள். அது தூளுக்குள் இறங்கி அதைச் சுவரோடு சேர்த்துக் கட்டும். தண்ணீர் பிரைமர் பெரும்பாலும் தூளின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். பழைய காய்ந்த சுவருக்கு இது சரி. மேலே சொன்ன புதுப் பூச்சுக்கு இது கூடாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நானும் இதில் அடிபட்டவன்தான். தொழிலுக்கு வந்த புதிதில், மேற்கூரையில் பழைய டிஸ்டம்பர் இருப்பது தெரிந்தும், நாள் குறைவு என்று நேராக எமல்ஷனை ஓட்டினேன். சாயங்காலம் பார்த்தபோது பிரமாதமாக இருந்தது. மறுநாள் காலை ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பை இழுத்தேன். டேப்போடு ஒரு போர்வை அளவுக்குக் கூரை கழன்று என் தலைமேலேயே விழுந்தது. முழுவதையும் சுரண்டி மறுபடி செய்தேன், கூலி வாங்காமல்.

ஓர் எச்சரிக்கை. வீடு மிகப் பழையது, கதவு ஜன்னல்களிலோ சுவரின் கீழ்ப்பகுதியிலோ பழைய எண்ணெய் பெயின்ட் இருக்கிறது என்றால், அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அதைக் காய்ந்தபடி தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் வாங்கி ஈரமாகவே தேயுங்கள், முகமூடி போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த அறைப் பக்கமே விடாதீர்கள். சந்தேகம் வலுவாக இருந்தால் அந்த வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது சாயங்கால விளக்கு விவகாரம். உங்கள் சுவர் பகலில் தட்டை, இரவில் மேடு பள்ளமாக மாறவில்லை. பகல் வெளிச்சம் எதிரிலிருந்து பரவலாக விழுகிறது. சுவர் விளக்கின் ஒளி சுவரை உரசிக்கொண்டு போகிறது, அரை மில்லிமீட்டர் மேட்டுக்கும் நிழல் விழுகிறது. பெயின்ட் அடித்தபின் அந்த விளக்கு காட்டிக்கொடுக்கும் வரை காத்திருக்காமல், முன்பே அதையே வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலை மூடி அறையை இருட்டாக்கி, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்துங்கள். பழைய ஆணி ஓட்டையைச் சுற்றி உப்பிய மேடு, முன்பு யாரோ வைத்த பட்டியின் விளிம்பு, பிரஷ் முடி ஒன்று ஒட்டிக் காய்ந்தது, எல்லாம் நிலாவில் குழிகள் தெரிவதுபோல் தெரியும். ஒவ்வொன்றையும் பென்சிலால் வட்டம் போடுங்கள். பேனா வேண்டாம், பேனா மை எமல்ஷனுக்குள் ஊறி மேலே வந்துவிடும். முதல் தடவை சுவர் முழுக்க வட்டமாக இருக்கும். பயப்பட வேண்டாம்.

பட்டியில் பலரும் செய்கிற தப்பு, ஒரே தடவையில் அப்பி முடிப்பது. கனமாக வைத்த பட்டி காயும்போது நடுவில் குழிந்து, ஓரத்தில் வெடிக்கும். அகலமான தகட்டால் இழுத்து, ஒரு மில்லிமீட்டருக்குள் மெல்லியதாக ஒரு கை, அது காய்ந்தபின் குறுக்காக இன்னொரு கை. முதல் கை மேலிருந்து கீழாக என்றால் இரண்டாவது இடமிருந்து வலம். பதம் பற்பசைபோல் இருக்கட்டும். தகட்டின் மூலை தேய்ந்து வளைந்திருந்தால் அதைத் தூரப் போடுங்கள், அது இழுக்கும் கோட்டைத் தேய்த்து எடுப்பதற்குள் தோள்பட்டை போய்விடும். மயிரிழை விரிசலைக் கண்டால் அப்படியே மேலே பூசாமல், சுரண்டி முனையால் கீறி V வடிவில் கொஞ்சம் அகலமாக்கி, தூசி தட்டி, பிறகு பட்டி வைத்தால்தான் உள்ளே இறங்கிப் பிடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மாதாமாதம் அகலமாகிற விரிசல் பட்டியால் தீராது, கட்டடம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

தேய்ப்பதற்கு 120 எண் தாளில் தொடங்கி 180, கடைசியாக 220. பிறகு தூசி. இந்தத் தூசியைத்தான் எல்லோரும் லேசாக விட்டுவிடுகிறார்கள். பட்டித் தூசி படிந்த சுவரில் பெயின்ட் அடிப்பதும் டிஸ்டம்பர் மேல் அடிப்பதும் ஒன்றுதான். முதலில் காய்ந்த பிரஷ், அப்புறம் நன்றாகப் பிழிந்த ஈரத்துணி.

பட்டி வைத்த இடங்கள் திட்டுத்திட்டாகத் தெரிவதற்கும் காரணம் இங்கேயே இருக்கிறது. பட்டி தாகம் பிடித்தது. பெயின்டில் இருக்கும் தண்ணீரையும் பசையையும் சுற்றியுள்ள சுவரைவிட வேகமாக உறிஞ்சிக்கொள்ளும். பசை குறைந்த இடம் மங்கலாகக் காயும். அதன்மேல் மூன்றாவது கோட், நான்காவது கோட் என்று பெயின்டைக் கொட்டுவதைவிட, பட்டி முடிந்ததும் சுவர் முழுக்க ஒரு கோட் பிரைமர் கொடுத்தால் எல்லா இடமும் ஒரே அளவில் உறிஞ்சும். பிரைமர் காய்ந்ததும் டார்ச்சை இன்னொரு முறை ஓட்டுங்கள். பிரைமர் அடித்தபின் புதிதாகச் சில மேடுகள் தெரியும். அதைச் சரிசெய்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் பிரைமரைத் தொட்டுவிடுங்கள். பிரைமரை மலிவு பெயின்ட் என்று நினைத்துத் தவிர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அது வேறு சரக்கு, பிடிப்பதற்கென்றே செய்தது.

இனி உங்கள் உண்மையான கேள்வி. எந்த பெயின்ட்? இந்தச் சுவருக்கு மேட், அதாவது மினுமினுப்பு இல்லாத எமல்ஷன். நீங்கள் வாங்கியது நல்ல சரக்குதான், இடம்தான் தப்பு. மினுமினுப்பு என்பது ஒளியை ஒரே பக்கமாகத் திருப்பி அனுப்புவது. கண்ணாடியில் கீறல் தெரிவதுபோல் அதில் எல்லாம் தெரியும். மேட் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும், அதனால் சிறு குறைகள் அடங்கிவிடும். பின்னாளில் ஓரிடத்தில் கை வைத்துத் திருத்தினாலும் மேட் பெயின்டில் தெரிவது குறைவு. மினுமினுப்பான சுவரில் தொட்டால் அந்த இடம் தபால்தலை ஒட்டியதுபோல் தனியாக நிற்கும், மூலையிலிருந்து மூலை வரை முழுச் சுவரையும் அடிக்கவேண்டி வரும். கழுவ முடியாதே என்பீர்கள். பழைய மலிவு மேட் பெயின்டுக்கு அது பொருந்தும். இப்போது துடைக்கத்தக்க மேட் வகைகள் உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். எதுவானாலும் அடித்த முதல் மூன்று, நான்கு வாரம் சுவரைக் கழுவ வேண்டாம். தொட்டால் ஒட்டாமல் காய்வது சில மணி நேரத்தில் நடந்துவிடும், முழுதாக இறுகத்தான் அவ்வளவு நாள்.

கைபடும் நடைவழி, சமையலறை, குளியலறைச் சுவர்கள் சாட்டின், அதாவது இலேசான மினுமினுப்புள்ள வகை, பக்கம் போகலாம், பட்டி வேலை அதற்கேற்ற அளவு நன்றாக இருந்தால். கூரைக்கு எப்போதும் மேட்தான். மரக் கதவுக்கு எனாமல், அதிலும் தண்ணீரில் கலக்கும் வகை. எண்ணெய் எனாமல் வெளிச்சம் குறைந்த இடத்தில் வெள்ளை நிறத்தை மஞ்சளாக்கிவிடும். பழைய எனாமல்மேல் அடிப்பதானால் அதன் பளபளப்பு சாகும்வரை தேய்க்காமல் தொடக்கூடாது.

வண்ணத்தைக் கடை அட்டையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டடிக்கு இரண்டடி பலகையில் இரண்டு கோட் அடித்து, ஜன்னல் பக்கம் ஒரு நாள், விளக்கு பக்கம் ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். நான்கு சுவரிலும் ஏறினால் நிறம் அட்டையில் இருப்பதைவிட அடர்த்தியாகத்தான் தெரியும். இரண்டு மூன்று டின் வாங்கினால் எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள், டின்னுக்கு டின் நூலிழை வித்தியாசம் வந்தாலும் நடுச்சுவரில் காட்டிக்கொடுக்காது.

ரோலர் கோடுகள் பற்றி. காய்ந்த ரோலரை அழுத்தி ஓட்டினால் அதன் விளிம்பில் பெயின்ட் பிதுங்கிக் கோடு விழும். ரோலர் தானாக உருளும் அளவுக்குப் பெயின்ட் எடுங்கள், உங்கள் கை அதை வழிநடத்தினால் போதும். வழுவழுப்பான சுவருக்குக் குட்டை மயிர் உறை. புது உறையை ஒரு தடவை கழுவிக் காயவைத்து, அல்லது டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்து, உதிரும் மயிரை முன்பே நீக்கிவிடுங்கள். அடுத்தது ஈர ஓரம். இரண்டு மூன்றடி அகலமாகச் சுவரை மேலிருந்து கீழ் வரை முடித்துக்கொண்டே போக வேண்டும், முந்தைய பட்டையின் ஓரம் ஈரமாக இருக்கும்போதே அடுத்தது அதில் ஏற வேண்டும். நடுச்சுவரில் நிறுத்திவிட்டு போன் பேசப் போகாதீர்கள். மின்விசிறியையும் அணைத்து வையுங்கள், ஓரம் சீக்கிரம் காய்வதற்கு அதுதான் முதல் காரணம். ஒருவர் பிரஷ்ஷால் மூலையை அடித்துக்கொண்டே போக, இன்னொருவர் உடனே பின்னால் ரோலரோடு வந்தால் மூலைக்கும் சுவருக்கும் நிற வித்தியாசம் தெரியாது. 'நாங்களே' அடித்தோம் என்று எழுதியிருக்கிறீர்கள், வேலையை அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே டின்னில் போட்டிருக்கும் நேரம், பொதுவாக நான்கு மணி. மழைநாளானால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசியாக, அந்த மீதி அரை டின். நன்றாகக் கலக்கிப் பாருங்கள். அழுகிய வாடை இல்லாமல், கட்டியில்லாமல் சேர்ந்தால் நல்ல நிலையில்தான் இருக்கிறது. அலமாரியின் உள்பக்கச் சுவர், பொருட்கள் அடைத்து வைக்கும் சிறு அறை என்று பக்கவாட்டு வெளிச்சம் விழாத, அடிக்கடி துடைக்க வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் துடைத்து மூடியை இறுக்கி, வண்ண எண்ணையும் அடித்த தேதியையும் மூடியில் எழுதாமல் டின்னின் உடம்பில் எழுதுங்கள். மூடிகள் மாறிப்போகும்.

சுவரைச் சுரண்டத் தொடங்கியபின் நீலத்துக்கு அடியில் இன்னொரு நிறம் வந்தால் அதிலிருந்தும் ஒரு துண்டு அனுப்புங்கள். பின்பக்கத்தைத் துடைத்துவிடாதீர்கள்.